எல்லைக் கதவுகளும் பொதிமாட்டுப் பாதைகளும்

மன்னர்களின் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் மனனஞ் செய்வதே சரித்திரக் கல்வி என்ற எண்ணம் நமது பாடசாலைகளிலிருந்து இன்னும் மறைந்துவிடவில்லை. அந்த எண்ணத்தை மாற்ற விரும்பும் ஆசிரியர், தமது மாணவர்களை அழைத்துக்கொண்டு சிறு நகரமொன்றின் நூதனசாலைக்கு ஒருமுறை சென்று வருவது நல்லது. கொழும்பு நூதனசாலையில் கண்டி மன்னரின் சிம்மாசனமும் கிரீடமும் கண்ணைப் பறித்துவிடுகின்றன. சிறு நகரத்து நூதனசாலையில் அந்த ஒளி குறைவு. ஆதலால் மற்றைய பொருள்களைப் பார்க்கவும், பொருளுக்குப் பின்னால் நிற்கும் மனிதரை நினைக்கவும் அங்கே அவகாசம் கிடைக்கிறது.

இரத்தினபுரி நகரில் எகலப்பொல வளவு என வழங்கும் பழைய மாளிகையொன்று உண்டு. 1988ஆம் ஆண்டிலிருந்து அது தேசிய நூதனசாலைகளுள் ஒன்றாக விளங்குகிறது. சப்ரகமுவ மாகாணத்தின் நிலவியல், விலங்கியல், மானிடவியல், தொல்லியல் ஆகிய துறைகளுக்குரிய சான்றுகள் அங்கே பேணப்படுகின்றன. மாணிக்கக்கல் தேடி நிலத்தைத் தோண்டும் தொழிலாளர் ‘இல்லம்’ என்று கூறும் சரளைப் படையில், கல்லோடு கூடவே பழங்கால விலங்குகளின் எலும்புகளும் பற்களும் கிடைப்பதுண்டு. காண்டாமிருகமும் நீர்யானையும் சிங்கமும் ஒரு காலத்தில் இத்தீவில் வாழ்ந்தன என்பதை, பி. ஈ. பி. தெரணியகல என்னும் அறிஞர் இந்தச் சரளைப் படைகளை ஆராய்ந்து நிறுவினார். குழிக்குள் இறங்கிச் சேற்றை அள்ளிய கூலியாளின் கை படாமல் அந்த எலும்புகள் வெளிச்சத்துக்கு வந்திரா. ஆயினும் ஆராய்ந்தவரின் பெயர் நிலைக்கிறது. தோண்டியவரின் பெயர் நிலைப்பதில்லை. உலகத்து நூதனசாலைகள் அனைத்துக்கும் இது பொதுவான வழக்கமே.

இவ்வழக்கத்தை மனத்திற் கொண்டு, வேறொரு கேள்வியுடன் அந்த மாளிகையின் படியில் ஏறுவோம். சப்ரகமுவ ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஓர் எல்லைப்புறமாக இருந்த நிலம். இந்த எல்லையைக் கடந்து நடந்தவர் யார்? அவர்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருந்தது? எந்தச் சீட்டைக் காட்டி அவர்கள் கடந்தனர்? மாளிகையின் சுவர்கள் இவற்றுக்குத் தாமாக விடை கூறமாட்டா. ஆனால் அந்த மாளிகை நிற்கும் நிலத்தின் சரித்திரம் விடை கூறும்.

மலைக்கும் கடலுக்கும் நடுவே

சப்ரகமுவ என்ற பெயரைச் ‘சபரர்’ என்னும் வேட்டுவரோடு தொடர்புபடுத்துவர் அறிஞர். அப்படியாயின், காட்டை நம்பி வாழ்ந்த ஆதிக்குடிகளின் நினைவே இம்மாகாணத்தின் பெயரில் தங்கியிருக்கிறது எனலாம். 1521இல் சீதாவாக்கை அரசு இங்கே எழுந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் அது வீழ்ந்ததும், கண்டி இராச்சியத்துக்கும் கடற்கரையைப் பிடித்திருந்த அந்நியருக்கும் நடுவே கிடந்த போர்க்களமாயிற்று இந்த நாடு. மெனிக்கடவரையில் போர்த்துக்கேயர் பாசறை அமைத்தனர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1796இல் ஆங்கிலேயர் கடற்கரையைக் கைப்பற்றினர். கடலோரம் மூன்று எசமானர்களைக் கண்டபோதும், மலைநாட்டு அரசு 1815 வரை தலைவணங்காமல் நின்றது. அதற்குக் காரணம் மன்னர்களின் வீரம் மட்டுமன்று. காடும், கணவாயும், அட்டையும், காய்ச்சலும் அந்த அரசின் ஊதியம் பெறாத சேனைகளாக விளங்கின.

ஆனால் எந்தக் காட்டாலும் தடுக்க இயலாத தேவை ஒன்று இருந்தது. மலையில் உப்பு விளைவதில்லை. அரிசியும் குரக்கனும், மிளகும் பாக்கும் மலைநாட்டில் உண்டு. உப்புக்கும் கருவாட்டுக்கும் கடற்கரையையே எதிர்பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் கண்டியுடன் நடத்திய போரின் முடிவில், 1766இல் செய்யப்பட்ட உடன்படிக்கை கண்டி அரசின் கையிலிருந்து கடற்கரை முழுவதையும் பறித்தது. உப்பளங்களிலிருந்து உப்பு எடுத்துச்செல்ல மலைநாட்டாருக்கு அனுமதி வழங்கியது. அதற்கீடாக மலைநாட்டுக் காடுகளில் கறுவாப் பட்டை உரிக்கும் உரிமையைப் பெற்றது. ஒரு பிடி உப்பின் பொருட்டு ஓர் இராச்சியம் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அந்த உப்பைச் சுமந்து வந்தவை பொதிமாடுகள். தமிழில் ‘தாவளம்’ என்ற சொல்லுக்குத் தங்குமிடம் என்று பொருள். இலங்கையிலோ பொதிமாட்டுக் கூட்டத்தையும், அதைக்கொண்டு நடத்தும் வியாபாரத்தையும் அச்சொல் குறிக்கலாயிற்று. சிங்களத்தில் அது ‘தவலம’ என வழங்கும். வண்டிப் பாதை இல்லாத நாட்டில், திமில் பருத்த சிறிய காளைகளின் முதுகில் இருபுறமும் பொதியைத் தொங்கவிட்டு, முன்மாட்டின் கழுத்தில் மணியைக் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக நடத்திச் செல்வர். மேலே ஏறும்போது உப்பும் கருவாடும் துணியும். கீழே இறங்கும்போது பாக்கும் மிளகும் தானியமும். களனி கங்கையின் வழியாகப் படகில் ருவன்வெல்லை வரை வந்த சரக்கும், களுகங்கையின் வழியாக இரத்தினபுரிக்கு வந்த சரக்கும், அவற்றுக்கப்பால் மாட்டின் முதுகையும் மனிதனின் தோளையும் நம்பியே மலையேறின.

இவ்வியாபாரத்தில் முன்னின்றவருள் முஸ்லிம்கள் குறிப்பிடத்தக்கவர். கரையோரத்தில் போர்த்துக்கேயரின் பகைமைக்கு ஆளான அவர்களுக்குக் கண்டி அரசு இடமளித்தது. அரசின் போக்குவரத்துக்கென ‘மடிகே பத்த’ என்ற தனித் திணைக்களமே இருந்தது. முஸ்லிம்களும் கரையார் வகுப்பினரும் அதில் ஊழியம் செய்தனர். நிலம் பெற்றதற்கு ஈடாக அரசனின் பாக்கையும் தானியத்தையும் தங்கள் மாடுகளில் ஏற்றிச் செல்வது அவர்களின் கடமை. பௌத்த அரசனின் களஞ்சியத்துக்குச் சோனகரின் மாடு உப்புச் சுமந்தது. இனமும் மதமும் என்றென்றும் பகைத்து நின்றன என்று நமக்குக் கதை சொல்பவர்கள், இந்த மாட்டுப் பாதைகளின் சரித்திரத்தைச் சற்றே படித்துப் பார்க்கவேண்டும்.

முட்கதவும் களிமண் முத்திரையும்

பாதை என்றவுடன் சுதந்திரம் என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வொரு கணவாயிலும் கடவத்தை என்னும் காவல் நிலையம் இருந்தது. 1660இல் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து தப்பிய றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி, 1681இல் வெளியான தமது நூலில் இக்காவல் முறையை விவரித்துள்ளார். முட்களாலான கதவுகள் பாதையை மறித்து நின்றன. அனுமதிச் சீட்டு இல்லாதவர் அவற்றைக் கடக்க இயலாது. அந்தச் சீட்டு ஓலையன்று, களிமண்ணில் பதித்த ஒரு முத்திரை. போர்வீரனாயின் தோளில் ஈட்டி தாங்கிய மனித உருவம். தொழிலாளியாயின் காவுதடியின் இருமுனையிலும் பை தொங்கும் மனித உருவம். வெள்ளையனாயின் இடையில் வாளும் தலையில் தொப்பியும் அணிந்த உருவம். கூட்டத்தில் எத்தனை பேர் செல்கின்றனரோ அத்தனை முத்திரைகள் களிமண்ணில் இருக்கவேண்டும்.

நூதனசாலையில் வைப்பதற்கு இதைக் காட்டிலும் பொருத்தமான பொருள் வேறில்லை. எழுத்தறியாத காவலாளிக்கும் புரியும்படி, மனிதனை அவன் செய்யும் தொழிலாகவே சுருக்கிக் காட்டிய முத்திரை அது. பெயரில்லை, ஊரில்லை, சுமை மட்டுமே உண்டு. சுமப்பவன் என்ற முத்திரையோடு வந்தவன் சுமப்பவனாகவே திரும்பவேண்டும். ஆனால் சுடாத களிமண் ஒரு மழைக்குக் கரைந்துபோகும். அரசனின் வாள் உருக்கு, அது நிற்கும். கூலியாளின் சீட்டு மண், அது கரையும். எளியவரின் சரித்திரம் நூதனசாலைகளுக்குள் எளிதில் வந்து சேராமைக்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லையின் கொடுமையை 1814ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. அப்போது சப்ரகமுவவின் திசாவையாக இருந்தவர் எகலப்பொல. இரத்தினபுரி மாளிகையின் பெயருக்கு உரியவர் அவரே. மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கும் அவருக்கும் மூண்ட பகை கலகமாயிற்று. கலகம் தோற்றதும் அவர் ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார். அவருடைய மனைவியும் குழந்தைகளும் கண்டியில் கொல்லப்பட்டனர். அந்த அவலம் நாடகமாகவும் பாட்டாகவும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. அதற்காக இரங்காத நெஞ்சம் இல்லை.

அதே ஆண்டில் நடந்த இன்னொரு கொடுமை அவ்வளவு பாடப்படவில்லை. கரையோரத்திலிருந்து வியாபாரத்துக்காக மலைநாடு சென்ற பத்துப் பேர் ஒற்றர் எனக் குற்றஞ் சாட்டப்பட்டு, அங்கங்கள் வெட்டப்பட்டனர். எழுவர் அங்கேயே மாண்டனர். மூவர் வெட்டுண்ட கோலத்தோடு கொழும்பு வந்து சேர்ந்தனர். ஆங்கிலேயரின் போர்ப் பிரகடனத்துக்கு இச்சம்பவம் நல்ல சாட்டாக அமைந்தது. 1815 ஜனவரியில் படைகள் புறப்பட்டன. பெப்ரவரியில் கண்டி வீழ்ந்தது. மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. வேலூருக்கு நாடுகடத்தப்பட்ட மன்னன் 1832இல் அங்கே மறைந்தான். எகலப்பொலவும் 1818இன் கலகத்தின்போது சந்தேகத்தின் பேரிற் பிடிக்கப்பட்டு, பின்னர் மொரீசியஸ் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தார். இருவரின் பெயரும் எல்லாப் பாடநூல்களிலும் உள்ளன. பொதியோடு எல்லையைக் கடந்த அந்தப் பத்துப் பேரோ, எண்ணிக்கையாகவே நின்றுவிட்டனர்.

பாதை அகன்றது, கதவு மாறியது

பாதைகள் ஒடுங்கியிருப்பதே நாட்டுக்குப் பாதுகாப்பு என்று கண்டி மன்னர்கள் கருதினர். வென்றவர்களின் கருத்து இதற்கு நேர்மாறானது. 1818இன் மக்கள் எழுச்சியைக் கொடூரமாக நசுக்கிய ஆங்கிலேயர், பீரங்கி வண்டி ஏறக்கூடிய பாதையில்லாமல் மலைநாட்டை ஆளமுடியாது என உணர்ந்தனர். எட்வர்ட் பார்ன்ஸ் என்னும் தேசாதிபதியின் காலத்தில் கொழும்பு-கண்டி வீதி அமைந்தது. கேகாலைப் பகுதியின் குன்றுகளைச் சுற்றி ஏறி, கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து அது மலையை அடைந்தது. அவ்வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. அதே ஊரில் வீதிகளின் சரித்திரத்தைக் காட்டும் நூதனசாலையொன்றும் அமைந்துள்ளது. பழைய நீராவி உருளைகளை அங்கே காணலாம்.

அந்த வீதியை வெட்டியவர்கள் கூலி பெற்ற தொழிலாளரல்லர். அரசனுக்குச் செய்யவேண்டியிருந்த இராஜகாரிய ஊழியத்தை அப்படியே தனதாக்கிக்கொண்ட ஆங்கில அரசு, கிராமத்து உழவரைக் கட்டாயமாக இழுத்து வந்து பாறை உடைக்கச் செய்தது. கோபுரம் எழுந்த அதே 1832இல்தான் இராஜகாரியம் சட்டப்படி ஒழிந்தது. கோபுரத்தின் உச்சிக்குச் சுழற்படி உண்டு; பாறை உடைத்தவரின் பெயர்ப் பட்டியல் இல்லை.

வீதி வந்ததும் பொதிமாட்டின் இடத்தை மாட்டு வண்டி பிடித்தது. மலையிலிருந்து கோப்பி இறங்கிற்று; கொழும்பிலிருந்து அரிசி ஏறிற்று. பழைய முட்கதவு போய், ஆயச்சாவடி வந்தது. ஆயம் வசூலிக்கும் உரிமையையும் சாராயக் குத்தகையையும் ஏலத்தில் எடுத்தவர்கள் பெருஞ் செல்வர்களாயினர். இலங்கைச் சுதேச முதலாளி வர்க்கத்தின் மூலதனத்தில் ஒரு பகுதி இவ்வாறு திரண்டதைக் குமாரி ஜயவர்த்தன விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வண்டிக்காரனின் வியர்வை யார் வீட்டு மாடியாக உயர்ந்தது என்பதை அந்த ஆராய்ச்சி தெளிவாக்குகிறது.

இந்த வண்டிப் பாதையின் கதாநாயகனாக மக்கள் மனத்தில் இடம்பெற்றவன் சரதியேல். மாவனெல்லைக்கு அருகே உத்துவன்கந்தைக் குன்றை இருப்பிடமாகக் கொண்டு, கண்டி வீதியிற் செல்வோரைக் கொள்ளையிட்டவன். பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தான் என்பது மக்கள் வழங்கும் கதை. 1864 மார்ச் 21ஆம் திகதி அவனைப் பிடிக்கச் சென்ற பொலிஸ் படையில் ஷாபான் என்னும் மலாய்க் கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். சுட்டவன் சரதியேலின் உற்ற தோழனான மம்மலே மரிக்கார். அவ்வாண்டு மே 7ஆம் திகதி இருவரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். ஆண்டின் இறுதியில், டிசம்பரில், கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதல் இரயில் வண்டி ஓடிற்று. 1867இல் அது கண்டியை எட்டியபோது, நெடுவழி வண்டிக்காரனின் பிழைப்பும் வழிப்பறிக்காரனின் பிழைப்பும் ஒருங்கே தளர்ந்தன.

சரதியேலின் பெயரால் மாதிரிக் கிராமமொன்று உத்துவன்கந்தைப் பக்கத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. இறந்த கான்ஸ்டபிளின் நினைவாக மார்ச் 21ஐப் பொலிஸார் வீரர் தினமாகக் கொண்டாடுகின்றனர். சிங்களவனான கொள்ளைக்காரன், முஸ்லிமான தோழன், மலாய்க்காரரான காவலர் ஆகிய மூவரும் நினைவில் நிற்கின்றனர். கொள்ளையிடப்பட்ட வண்டியை ஓட்டியவன் யார் என்று எவரும் கேட்பதில்லை.

ஆளில்லா நிலம் என்னும் பொய்

1867 என்ற ஆண்டு வேறொரு கண்டத்தின் மாட்டுப் பாதையையும் நினைவூட்டுகிறது. அமெரிக்காவில் தெக்ஸஸ் மாநிலத்து மாட்டு மந்தைகளை, கன்சாஸ் மாநிலத்தின் அபிலீன் இரயில் நிலையத்துக்கு ஓட்டிச் செல்லத் தொடங்கியது அவ்வாண்டில்தான். அந்தப் பாதைக்கு ஜெஸ்ஸி சிஷம் என்ற வியாபாரியின் பெயர் வழங்குகிறது. அவருடைய தாய் செரோக்கி இனத்தவர். மந்தை ஓட்டிய ‘கௌபாய்’களில் கணிசமானோர் கறுப்பரும் மெக்சிக்கரும் ஆவர். இருபதாண்டுகளுக்குள் முட்கம்பி வேலியும் இரயிலும் அந்தப் பாதையை முடித்துவிட்டன. ஆனால் சினிமாவும் சிறு நகரத்து நூதனசாலைகளும் நெடுங்காலம் அந்தக் கதையை வெள்ளை வீரனின் கதையாகவே காட்டிவந்தன. 1893இல் டேர்னர் என்ற சரித்திராசிரியர், மேற்கில் கிடந்த கட்டற்ற நிலமே அமெரிக்க ஜனநாயகத்தை வளர்த்தது என எழுதினார். அந்த நிலம் செவ்விந்தியரின் தாயகம் என்பது அவர் கணக்கில் சிறிதளவே ஏறிற்று.

நமது எல்லைப்புறத்தின் கதையும் இதுவே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலங்களெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது. எழுத்து உறுதி இல்லாத உழவன் எவ்வாறு நிரூபிப்பான்? சேனைப் பயிர் செய்த காடும், மாடு மேய்ந்த புல்வெளியும், விறகும் தேனும் எடுத்த வனமும் அவனுடைய வாழ்வின் பாகங்கள். சட்டத்தின் கண்ணில் அவை ஆளில்லா நிலம். அரசு அவற்றைத் துரைமாருக்கு விற்றது. கோப்பியும், அது அழிந்தபின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இறப்பரும் அங்கே வளர்ந்தன. மாடு மேய இடமில்லாத ஊரில் தாவளமும் நிலைக்க முடியுமா?

அந்நிலத்தில் வேலை செய்யத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மனிதர் கொண்டுவரப்பட்டனர். அங்கேயும் நிலமற்றவர்கள், கடனாலும் சாதியாலும் பஞ்சத்தாலும் துரத்தப்பட்டவர்கள். ஒருவனின் காட்டைப் பறித்து, இன்னொருவனின் உழைப்பைப் பறித்து, இரண்டையும் சேர்த்துத் தோட்டம் என்று பெயரிட்டது ஏகாதிபத்தியம். சிங்கள உழவனும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே கொள்ளையின் இரு பக்கத்து நட்டக்காரர்கள். இந்த உண்மையை மறைப்பதிலேயே பிற்கால அரசியலின் பெரும்பகுதி செலவாயிற்று.

துண்டுச் சீட்டு

பழைய களிமண் முத்திரை இப்போது காகிதமாயிற்று. தோட்டத்துக்குத் தோட்டம் மாற விரும்பிய தொழிலாளிக்குத் ‘துண்டு’ வேண்டும். அவனுடைய கங்காணிக் குழுவின் கடன் இவ்வளவு, அதனைக் கட்டினால் விடுவிக்கத் தயார் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாதவனை வேறு துரை ஏற்கமாட்டான். சொல்லாமல் சென்றால் 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டப்படி சிறை. கப்பற் செலவும், அரிசிக் கணக்கும், கங்காணியின் வட்டியும் சேர்ந்து தகப்பனின் கடன் மகனின் தலையில் ஏறியது. பொதிமாடாவது மலையிறங்கியதும் பொதியை இறக்கி வைக்கும். இந்தப் பொதி இறங்கவேயில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் ‘உனக்கு இங்கே இருக்க உரிமை உண்டா?’ என்ற காவலாளியின் கேள்வி ஒழியவில்லை.

சப்ரகமுவவின் சரித்திரத்தில் நேவ்ஸ்மியர் தோட்டம் இதற்கு மறக்கலாகாத உதாரணம். கேகாலை மாவட்டத்திலுள்ள அத்தோட்டத்தை, நிலமற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்கவென அரசாங்கம் எடுத்தது. அப்போது காணி அமைச்சராக இருந்தவர் டி. எஸ். சேனநாயக்க. கிராமத்து உழவனுக்கு நிலம் வேண்டும் என்பதில் நியாயமுள்ள எவருக்கும் கருத்து வேற்றுமை இராது. அவனுடைய பாட்டனின் காட்டை 1840இன் சட்டம் பறித்ததன் விளைவுதானே அந்த வறுமை! ஆனால் அந்த நியாயத்தின் விலையை யார் கொடுப்பது? தலைமுறைகளாக இலாபம் எடுத்தவர்கள் தங்கள் தோட்டங்களை வைத்துக்கொண்டனர். லயத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்கு வெளியேறும்படி அறிவித்தல் வந்தது.

தொழிலாளர் வெளியேற மறுத்தனர். அத்துமீறிக் குடியிருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. 1946 ஜூன் மாதத்தில் களனிப் பள்ளத்தாக்குத் தோட்டங்களெங்கும் வேலை நிறுத்தம் மூண்டது. நாளாந்தக் கூலியன்றி வேறு சேமிப்பில்லாத மக்கள், தங்கள் சகோதரர்களின் குடியிருப்புக்காகக் கூலியை இழந்து நின்றனர். வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. 1950இல் அந்த மன்றம் தொழிலாளியின் பக்கம் தீர்ப்பளித்தது. தான் வாழ்ந்துவந்த இடத்திலேயே தொடர்ந்து தங்குபவனின் பிரதான நோக்கம் பிறரைத் தொல்லைப்படுத்துவதாகாது. ஆதலால் அது குற்றமாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால் அத்தீர்ப்புக்கு முன்பே 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் பிறந்துவிட்டது. அறைக்குள் இருக்கும் உரிமையை மன்றம் ஒப்புக்கொண்ட வேளையில், நாட்டுக்குள் இருக்கும் உரிமையைப் பாராளுமன்றம் பறித்துவிட்டிருந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் முடிவாகும் என ஒத்திவைத்தது. பொதியைப் பிரிப்பது போல மனிதர் பிரிக்கப்பட்டனர். நாடற்றவர் என்ற நிலைக்கு முடிவுகட்டும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இடையில் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் வந்தன. அவற்றுள் 1981 ஆகஸ்டில் நடந்தவை இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கின. லயங்கள் எரிந்தன, குடும்பங்கள் காட்டில் ஒளிந்தன, பலர் வவுனியாப் பக்கம் குடிபெயர்ந்தனர். அவர்கள் எடுத்துச் செல்ல முடிந்த பொருள்கள் மிகச் சில. நூதனசாலைக்கு வரவேண்டியவற்றை நெருப்பும் தின்றுவிட்டது.

இருளை மட்டும் கூறி முடிப்பது சரித்திரத்துக்கு நியாயம் ஆகாது. 1934-35இல் மலேரியா கேகாலை மாவட்டத்தைச் சூறையாடியபோது, மருந்தும் உணவும் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாக நடந்த இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களுள் ஒருவரான என். எம். பெரேராவை ருவன்வெல்லைத் தொகுதி 1936இல் அரசாங்க சபைக்கு அனுப்பிற்று. உப்பு ஏறிய பழைய பாதையில் கொயினாவும் ஏறிற்று. சுமை பொதுநலத்துக்குரியதாயின் பாதை பகைமையைக் கடக்கும் என்பதற்கு அது சாட்சி.

என்ன செய்யவேண்டும்?

மாளிகைகளைப் பேணவேண்டாம் என்று எவரும் கூறமாட்டார். எகலப்பொலவின் வளவும், டோசன் கோபுரமும் நமது நாட்டின் சொத்துக்கள். அவற்றைப் பார்க்கவேண்டும், மாணவருக்குக் காட்டவேண்டும். ஆனால் காட்டும் ஆசிரியர், இந்த வீட்டுக்கு உப்பைச் சுமந்து வந்தவர் யார், இந்தப் பாறையை உடைத்தவர் யார் என்ற இரு கேள்விகளையும் உடன் எழுப்பவேண்டும். கேள்வி எழாத இடத்தில் நூதனசாலை வெறும் பொருட்கிடங்காகிவிடும்.

கம்பளைக்கு அருகே, தோட்டமொன்றின் பழைய லயத்தில் தொழிலாளருக்கென நூதனசாலையொன்று அமைந்திருப்பது போற்றத்தக்க முயற்சி. சப்ரகமுவவின் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக்கிடப்பவை. இங்கே தமிழ்ப் பாடசாலைகள் சிறியவை, மாணவர் சிலர். ஆயினும் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும், இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் உள்ள ஒவ்வொரு பாடசாலையும் ஓர் அலுமாரியை இதற்கென ஒதுக்க முடியும். பாட்டியின் தகரப் பெட்டியில் பழைய பற்றுச்சீட்டு இருக்கும். பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்ட கடிதம் இருக்கும். பால்வெட்டுக் கத்தியும், தேய்ந்த கவ்வாத்துக் கத்தியும், தொழிற்சங்கச் சந்தா அட்டையும் இருக்கும். அயற்கிராமத்துச் சிங்களக் குடும்பத்திலோ முஸ்லிம் குடும்பத்திலோ, பாட்டன் மாட்டின் கழுத்திற் கட்டிய மணி இருக்கலாம். இரண்டையும் ஒரே அலுமாரியில் வைக்கவேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைப் பயன்படுத்தியவரின் பெயரை, தமிழிலும் சிங்களத்திலும், மாணவனே தன் கையால் எழுதி வைக்கவேண்டும்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை, அரசாணையும் தேவையில்லை. பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளும் அக்கறை போதும். அடுத்த தவணை விடுமுறையிலேயே இப்பணியைத் தொடங்கலாம்.